அட்டையை எங்கே போடுவது?

1

அடிலெய்டில் எங்கள் வீட்டில் துணி துவைக்கும் அறையின் சுவரில் ஓட்டை விழுந்தது. இயந்திரத்தை நகர்த்தும்போது என் கணவர் சுந்தர் அதன் மூலையால் இடித்துவிட்டார். உடைந்த ஓரத்தில் சாம்பல் நிறத்தில் நார்நாராக என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. தொடுவதற்காக விரலைக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டேன். அந்த நிறத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கொல்லிமலையில், எடப்புளி நாட்டில், நாங்கள் அதை அட்டை என்போம். எங்கள் வீட்டுக் கூரை அதுதான்.

இங்கே அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் என்று பெயர். இந்த ஊரில் அந்தச் சொல்லை யாரும் சாதாரணக் குரலில் சொல்வதில்லை.

நகராட்சிக்குத் தொலைபேசி செய்து, வீட்டில் ஒரு ஷீட் உடைந்துவிட்டது, எப்படி அகற்றுவது என்று கேட்டேன். இந்த ஊருக்கு வந்து இவ்வளவு காலமாகியும் 'ஷீட்' என்ற சொல்லை நான் நீட்ட வேண்டிய அளவுக்கு நீட்டுவதில்லை போலிருக்கிறது. மறுமுனையில் இருந்த பெண், நாய் போட்டதா, இல்லை கக்கூஸ் குழாய் ஏதாவது உடைந்துவிட்டதா என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். பக்கத்தில் நின்ற என் மகள் ஓவியா தலையில் அடித்துக்கொண்டு தொலைபேசியைப் பிடுங்கினாள். அவள் பத்தாவது படிக்கிறாள். அலுவலகங்களோடு நான் பேச ஆரம்பிப்பதும் அவள் பேசி முடிப்பதும் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

நகராட்சி, அது எங்கள் வேலை அல்ல என்றது. மாநில அலுவலகம், உரிமம் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள் என்றது. உரிமம் வைத்திருந்தவர், முதலில் ஒரு துணுக்கைச் சோதனைக்கு அனுப்புங்கள் என்றார். கடைசியில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். அறையைப் பிளாஸ்டிக் திரையால் மூடி, சுவரை நனைத்து, பலகையை முழுதாகக் கழற்றி, இரண்டு உறைகளில் சுற்றி ஒட்டி, பிணத்தைத் தூக்குவது போல வண்டியில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாயை உள்ளே இழுத்துக்கொண்டு சன்னலைச் சாத்தினார்.

"இந்தியாவில் உங்கள் வீட்டிலும் இது இருந்ததா?" என்று ஓவியா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அதுக்குக் கீழதான் வளந்தேன்," என்று தமிழில் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள்.

2

நாங்கள் அந்த அட்டையோடு என்னவெல்லாம் செய்தோம் என்று இப்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன்.

புல் வேய்ந்த கூரையை எடுத்துவிட்டு அப்பா அட்டை போட்டபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். அந்தச் சரிவில் முதல் அட்டை ஊடு எங்களுடையது. லாரி நின்ற ரோட்டிலிருந்து ஆட்கள் தலையில் சுமந்து வந்து இறக்கினார்கள். நீட்டிக்கொண்டிருந்த ஓரங்களை அப்பா ரம்பத்தால் அறுத்தார். கோதுமை மாவு போலத் தூள் கொட்டியது. நானும் மல்லிகாவும் அந்தத் தூளை அள்ளி முகத்தில் பூசி, பவுடர் போட்டுக்கொண்டதாக விளையாடினோம். மல்லிகா என்னோடு படித்தவள். பக்கத்து மேட்டில்தான் அவர்கள் வீடு.

உடைந்த துண்டு சாக்பீஸைவிட நன்றாக எழுதும். அதைக் கொண்டுதான் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடினோம். குளிர் காய மூட்டிய நெருப்பில் துண்டைப் போட்டால் டப்பென்று வெடித்துச் சாம்பல் பறக்கும். கைதட்டுவோம். அகலமான துண்டில் மிளகாய் காய்ந்தது. இன்னொரு துண்டு தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. அதன் ஓரம் ஊறிப் பாசி பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஏக்கம் எதுவும் வரவில்லை. தொண்டையைச் செருமிக் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

நான் நர்ஸ். நுரையீரல் நோயாளிகள் இருக்கும் வார்டில் வேலை. அங்கே ஒரு கிழவர் பல வாரம் படுத்திருந்தார். இளவயதில் தச்சர், இதே பலகைகளை நாள் முழுக்க அறுத்தவர். அவர் மனைவி ரம்பத்தைத் தொட்டதே இல்லை. அவர் கழற்றிப் போட்ட சட்டையை உதறித் துவைத்தார், அவ்வளவுதான். முதலில் போனது அந்த அம்மாள். ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்து கொண்டிருந்தபோது கிழவர் என்னிடம் சொன்னார்: "சம்பளத்தை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

அந்த நோய் எல்லோருக்கும் வருவதில்லை. என் அப்பாவும் அம்மாவும் வேறு நோயில்தான் போனார்கள். ஆனால் வருகிறவர்களுக்கு அது முப்பது நாற்பது வருடம் பதுங்கியிருந்துவிட்டு வருகிறது. அந்த வார்டில் நான் யாரிடமும் என் ஊர்க் கூரையைப் பற்றிச் சொன்னதில்லை.

3

எங்கள் சுவரைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சில வாரம்தான் ஆகியிருக்கும். என் தம்பி பொன்னுசாமி ஊரிலிருந்து கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அக்கா, அட்டையப் பிரிக்கறோம். மேல கான்கிரீட்டுல தார்சு போடறோம். ஓவியாளுக்கு லீவு உட்ருவாங்கல்ல, கூட்டிக்கிட்டு வா."

"பிரிக்கறதுன்னா எப்படிடா பிரிக்கறாங்க?"

"எப்படின்னா? கொக்கி ஆணி துருப்புடிச்சுக் கழல மாட்டீங்குது. அடிச்சு ஒடச்சுத்தான்."

தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான். கொத்தனாரின் ஆட்கள் இரண்டு பேர் கூரைமேல் நின்று சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் வெள்ளையாகப் புகை எழும்பியது. கீழே அவன் மனைவி செல்வி துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். மூக்கில் ஒரு துணிகூட இல்லை.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். தண்ணீர் தெளி, மூக்கைக் கட்டு, மிச்சத்தை உடைக்காமல் இறக்கு, நான் வரும்வரை எதையும் தொடாதே என்றேன். அவன் எல்லாவற்றுக்கும் "செரிக்கா, செரிக்கா" என்றான். மலையில் 'சரி' என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

4

நானும் ஓவியாவும் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி வழியாக ஊருக்கு வந்தோம். சந்தை நாள். முகமூடியும் கெட்டியான பிளாஸ்டிக் தாளும் தார்ப்பாயும் வாங்க ஒரு இரும்புக் கடைக்குப் போனோம். கடையின் முன்னால் புத்தம்புது அட்டைகள் அடுக்கியிருந்தன. கடைக்காரரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள்.

"இது இன்னுமா விக்குதுங்க?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, நல்லாத்தானே போவுது? தகரம் போட்டா மழைக்குக் காது கிழியுதுங்கறாங்க. வெயிலுக்குக் கொதிக்குது. மலைக்காரங்க அட்டைதாங்க கேக்கறாங்க."

"இது நெஞ்சுக்கு ஆகாதுங்க பாய்."

"அப்படியா சொல்றீங்க?" என்றார். உண்மையாகவே யோசித்தார். "கவர்மெண்டு தடை ஒண்ணும் போடலீங்களே. கெட்டதுன்னா தடை போட்ருப்பாங்கல்ல?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூசும் சரக்கை அடுத்த நாட்டுக்கு விற்க உலகத்தில் ஆட்களும் இருக்கிறார்கள், வாங்கி அரைத்துக் கூரையாக வார்த்துத் தர ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக் கூரைகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஊடு வந்து சேர்ந்தபோது பலா மரத்தடியில் அட்டைகள் கிடந்தன. பாதி முழுசு, பாதி உடைசல். மேலே கோழி நின்றது. செல்வி காபியோடு வந்தாள். நான் வேண்டாம் என்ற பிறகும் துண்டு பொறுக்கியிருக்கிறாள் போல, அவள் தலைமுடியில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தது. ஓவியா அவள் நீட்டிய கையைப் பிடிக்காமல் ஓரடி பின்னால் போனாள். செல்விக்கு முகம் சுருங்கியது. எனக்கு இரண்டு பேரையும் பார்க்கச் சகிக்கவில்லை.

மல்லிகா மறுநாள் காலையில் வந்தாள். புருஷன் குடகில் மிளகு பறிக்கப் போனவன், எப்போதாவது வருவான். அவளுடைய அடுப்படிக் கொட்டகைக்கு மேலே கிழிந்த தார்ப்பாய்தான். மழை வந்தால் விறகு நனைந்து சோறு வேகாது.

"பொன்னுசாமி நாலஞ்சு அட்ட எடுத்துக்கன்னு சொல்லுச்சு," என்றாள். "ஆள் கூட்டியாந்து தூக்கிட்டுப் போறேன் புள்ள."

"வேண்டாம் மல்லிகா. அது வெசம்."

"வெசமா?"

நான் சொன்னேன். தூள், நார், நுரையீரல், அந்தக் கிழவர், அவர் மனைவி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஒங்க ஊட்டு மேல கெடந்தவரைக்கும் அது நல்ல அட்ட. நீயும் அதுங்கீழதான் படிச்சு நர்ஸானே. எனக்குன்னு கேட்டதும் வெசமாயிருச்சா?"

"அப்படி இல்ல மல்லிகா…"

"குடுக்க மனசில்லீன்னா இல்லீன்னு சொல்லு. கத சொல்லாத."

அவள் மேட்டில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொன்னுசாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

5

அட்டையை எங்கே போடுவது என்று கேட்க ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். ஆனால் கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

"அட்டையப் போடறதுக்குத்தாங்க எங்ககிட்ட வருவாங்க. எடுத்தத எங்க போடறதுன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லீங்க."

"குப்பை வண்டியில எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. கீழ போய்க் கேட்டுப் பாருங்க. அங்கயும் மேல கேக்கச் சொல்லுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுக்கெல்லாம் ஏனுங்க அலையறீங்க? பள்ளத்துல உருட்டி உட்ருங்க. மழையில அடிச்சுட்டுப் போயிரும்."

பள்ளத்தில் ஓடும் ஓடைத் தண்ணீரை மூன்று ஊர்கள் குடிக்கின்றன. அதைச் சொன்னேன். "அதுவுஞ் செரிதாங்க," என்றார்.

திரும்பி வந்தபோது வாசலுக்கு முன்பே சத்தம் கேட்டது. கொத்தனாரின் ஆட்கள் உடைசல் அட்டைகளைப் பரப்பிச் சம்மட்டியால் நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். புதுத் தரைக்கு அடியில் இதை நிரப்பினால் ஜல்லி மிச்சமாகுமாம். காற்று வீட்டுப் பக்கம் அடித்தது. பாயில் காய்ந்த சாமையின் மேல் தூள் படிந்திருந்தது. செல்வி விளக்குமாற்றால் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், பெருக்கப் பெருக்க அது எழும்பி அவள் முகத்துக்கே வந்தது. நான் வாங்கிக் கொடுத்த முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டிருந்தாள்.

அந்த இடத்திலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அந்தத் தூளைக் கண்டு மட்டுமல்ல. தரைக்கு அடியில் போட்டுப் பூசிவிட்டால் தீர்ந்தது என்ற அந்த எண்ணம், செரி செரி என்று சொல்லிக்கொண்டே செய்வதைச் செய்வது, எதற்கும் யாருமே பொறுப்பில்லாமல் இருப்பது, எல்லாவற்றையும் கண்டுதான்.

பொன்னுசாமி ஓடி வந்தான். "அக்கா, என்னாச்சு?"

"நிறுத்தச் சொல்லுடா."

"இதுல என்ன இருக்குதுன்னு இவ்வளவு பண்றே? அப்பா அறுத்தாரு. அவருக்கு என்ன வந்துச்சு?"

"செல்வி மூஞ்சியப் பாருடா. பாத்துட்டுச் சொல்லு."

அவன் பார்த்தான். புருவம், இமை, மூக்கு நுனி எல்லாம் வெள்ளையாக அவள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கிழவரின் மனைவியைப் பற்றி மறுபடியும் சொன்னேன், இந்தமுறை செல்வியிடம். உதறித் துவைத்தது மட்டும்தான் அந்த அம்மாள் செய்தது என்றேன். செல்வி விளக்குமாற்றைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். ஈரத் துணியால் அவள் முகத்தையும் தலையையும் நானே துடைத்துவிட்டேன். அன்றைக்கே பொன்னுசாமி ஆட்களை அனுப்பிவிட்டான். தூள் படிந்த சாமையைப் பாயோடு சுருட்டி ஓரமாக வைத்தோம். ஒரு வருடச் சாமை அது.

6

அட்டைகளை எண்ணிப் பார்த்தேன், சில குறைந்தன. மல்லிகா எடுத்துப் போயிருந்தாள். நான் அலுவலகத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவனே கொடுத்திருக்கிறான்.

நானும் ஓவியாவும் மேட்டுக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. மல்லிகாவின் அடுப்படிமேல் எங்கள் அட்டைகள் படுத்திருந்தன. உள்ளே விறகு காய்ந்து எரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், மழையில் வந்தவளை வெளியே நிறுத்தும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. "உள்ள வா," என்றாள். போய் உட்கார்ந்தேன். ஆணி அடித்த இடங்களில் புதிதாக உடைந்த வாய்கள் தெரிந்தன. அடியில் சோற்றுப் பானை திறந்திருந்தது.

ஓவியா வரவில்லை. முற்றத்தில் மழையில் நின்றாள்.

"உள்ள வா கண்ணு, நனையாத."

"வேண்டாம் ஆன்ட்டி."

"காச்ச வந்துரும் சாமி. வா."

அவள் தலையை ஆட்டினாள். முடி நெற்றியில் ஒட்டி, உதடு நடுங்கியது. நான் கூப்பிட்டும் மாட்டேன் என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிநாட்டில் வளர்த்து, ஒரு வீட்டுக்குள் நுழையக்கூடத் தெரியாதவளாக ஆக்கிவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மல்லிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பை விட்டு எழுந்து, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் போனாள்.

"நெசமாலுமே பயமா கண்ணு ஒனக்கு?"

ஓவியா தமிழைத் தேடினாள். "ஆமா ஆன்ட்டி. அது… நுரை ஈரத்துல போகும். அப்புறம் வெளிய வராது. நீங்க அங்க சமைக்காதீங்க. ப்ளீஸ்."

'நுரை ஈரம்' என்று அவள் சொன்னதை யாரும் திருத்தவில்லை. மல்லிகா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒம் பேச்ச நம்பல புள்ள. இவ பச்சத் தண்ணியில நிக்கறதப் பாத்தாத்தான் பயமா இருக்குது."

அன்று சாயங்காலம் செல்வியும் பொன்னுசாமியும் மாட்டுக் கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த தகரங்களைச் சுமந்துகொண்டு மேட்டுக்குப் போனார்கள். சொன்னது செல்விதான்: "மாடு இந்த வருசமும் ஓலையில கெடக்கட்டும்."

மல்லிகா வாங்க மறுத்தாள். "தருமம் வேண்டாம்."

"தருமம் இல்லீங்கக்கா. அட்ட எங்களுது, அதத் திருப்பிக் குடுங்க. அதுக்குப் பதிலுக்குத் தகரம். மாத்திக்கறதுதானே?"

மல்லிகா சற்று யோசித்தாள். "செரி, மாத்திக்கலாம்," என்றாள்.

அட்டையை நனைத்து, ஆணியைப் பிடுங்கி, ஒன்றையும் உடைக்காமல் இறக்கினோம். எல்லோரும் முகமூடி போட்டிருந்தோம். மல்லிகா மட்டும் இரண்டு போட்டிருந்தாள்.

7

இனி எங்கே போடுவது என்ற கேள்வி அப்படியே இருந்தது. எங்கேயும் இடமில்லை. கடைசியில் எங்கள் நிலத்திலேயே, ஓடையிலிருந்து தள்ளி, மேட்டின் மறுபக்கம் ஆழமாகக் குழி தோண்டினோம். முழுசு, உடைசல், பெருக்கிய தூள், அந்தச் சாமை, விளக்குமாறு எல்லாவற்றையும் நனைத்துப் பிளாஸ்டிக்கில் சுற்றி, தார்ப்பாயில் கட்டி இறக்கினோம். எங்கள் அடிலெய்டு சுவரையும் எங்கேயோ இப்படித்தான் புதைத்திருப்பார்கள். யாருடைய நிலத்தில் என்று நான் கேட்டதில்லை. அந்த ஊரிலும் உரிமத்துக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் ஓடைக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஓவியா ஓடப் போகும் பாதையில் நானே பார்த்திருக்கிறேன். வெள்ளை உடுப்பு போட்டால் மனுசப் புத்தி மாறிவிடாது.

மண்ணை மூடி மிதித்த பிறகு பொன்னுசாமி கேட்டான்:

"இங்க என்ன வெக்கறது?"

"தோண்டி எடுக்கற எதையும் வெக்காதே. குச்சிக்கெழங்கு கூடவே கூடாது."

"எத்தன வருசத்துக்கு?"

"எப்பவுமே."

அவன் நிலத்தைப் பார்த்தான். "அப்பா சோத்துக்குன்னு உட்டுட்டுப் போன மண்ணுக்கா," என்றான். என் கைகளை எத்தனை தடவை கழுவியும் எனக்கு அருவருப்பு போகவில்லை.

8

அடிலெய்டுக்குத் திரும்பி வந்து ஒரு மாதம் இருக்கும். வார்டு வேலை முடிந்து பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது பொன்னுசாமி கூப்பிட்டான்.

"அக்கா, குழியத் தோண்டிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. "யாரு?"

"வெளிநாட்டுக்காரி தார்ப்பாயில சுத்தி என்னவோ பொதைச்சுட்டுப் போனான்னு ஊருக்குள்ள பேச்சு. தங்கம்னான் ஒருத்தன், சாமி செலைன்னான் ஒருத்தன். நாங்க கீழ சந்தைக்குப் போயிருந்தப்பப் பிரிச்சுப் பாத்துட்டாங்க. தார்ப்பாயத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தூளெல்லாம் வெளிய கெடந்துச்சு. நாந்தான் தண்ணி ஊத்தி, மூக்கக் கட்டிக்கிட்டு மறுபடி மூடினேன்."

"அட்டை?"

"முழுசா இருந்ததையும் எடுத்துட்டாங்க. அந்தப் பக்கத்து ஊர்ல ஒரு ஊட்டுக்கு மேல கெடக்குது. போய்ப் பாத்தேன். புள்ளைங்க இருக்கற ஊடு."

பேருந்தில் எல்லோரும் இருக்கும்போதே நான் தமிழில் திட்டினேன். எனக்கே தெரியாமல் எனக்குள் இருந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் வந்தன. எதிர் இருக்கைப் பெண் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். திட்டி முடித்துவிட்டு, நீ போய்ச் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னேன். குழியில போட்டத எடுத்தா ஒனக்கென்ன, பொறாமையான்னு கேட்டாங்க. அப்பறம் மல்லிகா போச்சு."

"மல்லிகாவா?"

"ஆமா. வாசல்ல நின்னுக்கிட்டு, 'நர்ஸ் சொன்னத நம்ப வேண்டாம். நானே ஆசப்பட்டு மேல போட்டு, நானே எறக்கினவ. என்னப் பாத்து நம்புங்க'ன்னு சொல்லுச்சாம்."

"எறக்கிட்டாங்களா?"

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"இன்னும் இல்லக்கா. மழ நிக்கட்டும்னாங்களாம்."